‘அந்த ஊசி எனக்கு ஒத்துக்காது டாக்டர்’

தண்டையார்பேட்டையில் மாலை நேர கிளினிக் நடத்துகிறேன். ‘அலர்ஜி’ என்ற சொல் காதில் விழாத நாளே கிடையாது. தும்மல், அரிப்பு, வயிற்றுப்போக்கு, உடம்புச் சூடு எல்லாமே இங்கே அலர்ஜிதான். கூட்டமான மாலையில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கினாலே பெரிது. அந்த அவசரத்தில் நான் கேட்க மறப்பதைக் கேட்க வைக்கத்தான் மேஜையில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன்.

காசிமேட்டில் இறால் உரிக்கும் ஒரு அம்மா வந்தார். “காலையில உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா இருந்துச்சு டாக்டர், இப்ப பாருங்க, ஒண்ணுமே இல்ல” என்றார். நம் பாட்டிமார் காணாக்கடி என்பார்களே, அதுதான். ஒரு தடிப்பு பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மறைந்துவிடும் என்பதால் டாக்டர் கண்ணில் படவே படாது. கையில் ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வைத்திருந்தார். அதில் இறாலுக்குப் பாசிட்டிவ். இறால் வேலையையே விட்டுவிடச் சொல்லியிருந்தார்களாம். வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

அவர் மகளின் போனில் காணாக்கடி எவ்வளவு கடுமை என்று அளக்கும் யுஏஎஸ்7 என்ற மதிப்பெண் முறையைப் போட்டுக் கொடுத்தேன். தினமும் தடிப்புக்கு 0 முதல் 3 வரை, அரிப்புக்கு 0 முதல் 3 வரை. ஏழு நாள் கூட்டினால் அதிகபட்சம் 42. கூடவே தடிப்பு வந்தவுடன் ஒரு போட்டோ. முதல் வாரம் 31 வந்தது. வேலைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமையும் தடிப்பு இருந்தது. வீட்டில் இறால் குழம்பு சாப்பிட்ட நாளில் கூடுதலாக எதுவும் இல்லை. ஆறு வாரத்தைத் தாண்டியும் தொடரும் காணாக்கடிக்குப் பெரும்பாலும் உணவு காரணமாக இருப்பதில்லை.

அப்புறம் அந்த பாசிட்டிவ் எப்படி வந்தது? இறாலில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதத்தைப் போன்றதே கரப்பான்பூச்சியிலும் தூசுப்பூச்சியிலும் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவர் ஊறும் நம் பகுதி வீடுகளில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. அவற்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் இறால் பரிசோதனையிலும் பிடிபடலாம். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்றால் உடம்புக்கு அறிமுகம் இருக்கிறது என்றுதான் பொருள், நோய் என்று பொருள் இல்லை. தூக்கம் வரவைக்காத அலர்ஜி மாத்திரையைத் தினமும் ஒழுங்காகச் சாப்பிட்டார். மதிப்பெண் படிப்படியாக 6-க்கு இறங்கியது. இன்றும் அதே ஷெட்டில்தான் வேலை செய்கிறார்.

பென்சிலின் விஷயம் இதைவிட எனக்கு வருத்தம். சின்ன வயதில் ஒரு ஊசிக்குப் பிறகு அரித்தது என்று அம்மா சொன்னதை வைத்து, நாற்பது வயதிலும் ‘பென்சிலின் ஆகாது’ என்று சீட்டில் எழுதிக்கொண்டே போகிறோம். இப்படிச் சொல்பவர்களைப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2020-ல் வெளியிட்ட பென்-ஃபாஸ்ட் என்ற கணக்கு மூன்றே கேள்விகள்தான் கேட்கிறது. ஐந்து வருடத்துக்குள் நடந்ததா? ஆம் என்றால் 2 மதிப்பெண். உதடு, முகம் வீங்கியதா, மயக்கம் போட்டதா, தோல் உரிந்ததா? அதற்கும் 2 மதிப்பெண். அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டதா? 1 மதிப்பெண். மொத்தம் 3-க்குக் கீழே என்றால் உண்மையான அலர்ஜிக்கு 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு. அதற்காக என் கிளினிக்கிலேயே ஊசி போட்டுப் பார்க்க மாட்டேன். கண்காணிப்பு வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதுவேன். வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் போட வேண்டிய பிள்ளைக்கு இந்தத் தவறான முத்திரை எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

மருந்துச் சீட்டு எழுதும் மென்பொருளில் அலர்ஜி எச்சரிக்கை உண்டு. ஆனால் பிராண்ட் பெயரை மட்டும் பார்க்கும் மென்பொருள் ஆபத்தானது. ஒரே வலி மருந்து நம் கடைகளில் எத்தனையோ பெயரில், வேறு மருந்துகளோடு கலந்தும் வருகிறது. உள்ளே இருக்கும் மருந்தை வைத்து எச்சரிப்பதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். நீங்களும் ஒத்துக்கொள்ளாத மாத்திரையின் அட்டையைத் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். ‘மஞ்சள் கலர் மாத்திரை’ என்றால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் புரியாது.

கடைசியாக, உயிருக்கே ஆபத்தான அலர்ஜிக்கு முதலில் போட வேண்டிய ஊசியான அட்ரினலின். மூச்சு இழுத்து, உதடு வீங்கி, துவண்டு வரும் குழந்தையை மேஜையில் கிடத்தும்போது யாருக்கும் கை நடுங்கும். அந்த நேரத்தில் மனக்கணக்கு வராது. எடையைத் தட்டினால் அளவு சொல்லும் சின்னக் கணக்கு என் போனில் இருக்கிறது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் ஆம்பியூலில் 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி, தொடையின் வெளிப்புறத் தசையில். ஒரு தடவைக்குக் குழந்தைக்கு 0.3 மில்லியையும் பெரியவருக்கு 0.5 மில்லியையும் தாண்டக் கூடாது. குறையவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. அவில் என்ற அலர்ஜி ஊசி, டெக்ஸா என்ற ஸ்டீராய்டு ஊசி எல்லாம் அதற்கு அப்புறம்தான். கரண்ட் போகும், போனில் சார்ஜ் தீரும் என்பதால் அதே கணக்கை அச்சடித்து மருந்து அலமாரிக் கதவிலும் ஒட்டியிருக்கிறேன். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டது என்று எழுப்பி ஆட்டோவில் உட்கார வைத்துவிடாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று விழும். படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, மூச்சுத் திணறினால் மட்டும் சாய்த்து உட்கார வைத்து, 108 வரும்வரை கூடவே இருங்கள். சில மணி நேரம் கழித்து அதே அலர்ஜி இரண்டாம் முறையும் வரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.