பெட்டியில் போட்ட லூமென் எந்த லூமென்?

9000 லூமென் என்று போட்ட சின்ன புரொஜெக்டரில் பகலில் ஏன் படமே தெரிவதில்லை என்று ஒரு வாசகர் கேட்கிறார். லூமென் என்பது மொத்தமாக வெளிவரும் ஒளியின் அளவு. அந்த எண் பெரும்பாலும் உள்ளே இருக்கும் எல்இடி விளக்கின் கணக்கு. எல்சிடி பலகமும் லென்ஸும் விழுங்கியது போக மிஞ்சுவதுதான் திரைக்கு வரும். 'ஆன்சி லூமென்' அல்லது 'ஐஎஸ்ஓ 21118' என்ற அளவீட்டுத் தரத்தின் பெயர் இருந்தால், அது லென்ஸைத் தாண்டி வந்த ஒளியின் அளவு.

லூமெனைத் திரையின் பரப்பால் வகுத்தால் லக்ஸ். 100 அங்குல 16:9 திரை சுமார் 2.76 சதுர மீட்டர். 1000 லூமெனுக்கு 362 லக்ஸ் கிடைக்கும். 200 அங்குலமாக்கினால் 90 தான். 100 அங்குலத் திரைமேல் அறை வெளிச்சமே 200 லக்ஸ் விழுந்தால் கறுப்பு 200, வெள்ளை 562. மூன்று மடங்குகூட வித்தியாசம் இல்லை, படம் வெளுத்துவிடும். இருட்டறையில் கதை வேறு: சாதாரண மேட் திரையில் 362 லக்ஸை 3.14ஆல் வகுத்தால் 115 நிட் (திரை கண்ணுக்குக் காட்டும் பிரகாசத்தின் அலகு). டிஜிட்டல் திரையரங்குகளுக்கான தரமே 48 நிட்தான்.

வீட்டிலேயே அளக்கலாம். கருவியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, முழு வெள்ளைப் படம் போடுங்கள். திரையை ஒன்பது சமக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் லக்ஸ் மீட்டரின் சென்சாரை லென்ஸைப் பார்க்க வையுங்கள். லென்ஸை மூடி அறை வெளிச்சத்தை அளந்து கழியுங்கள். சராசரியைப் பரப்பால் பெருக்கினால் லூமென். நடுக்கட்டத்தை மட்டும் அளந்தால் கணக்கு ஏறிவிடும். ஓரங்கள் பெரும்பாலும் மங்கல்.

இந்த முறையிலும் ஓர் ஓட்டை உண்டு, ரசிக்கத்தக்க ஓட்டை. ஒற்றைச் சில்லு டிஎல்பி கருவியில் (நுண்கண்ணாடிகள் நிறைந்த ஒரே சில்லால் படம் காட்டுவது) பெரும்பாலும் வண்ணச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. சிவப்பு, பச்சை, நீலத் துண்டுகளோடு, பலவற்றில் நிறமில்லாத ஒரு துண்டும் இருக்கும். வெள்ளை காட்டும்போது அதன் வழியே விளக்கின் ஒளி வடிகட்டப்படாமல் பாய்கிறது. தூய சிவப்புக்கோ சிவப்புத் துண்டு மட்டும்தான். மற்றத் துண்டுகள் கடக்கும் நேரமெல்லாம் வீண். சோதனை எளிது: சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே போட்டு அளந்து கூட்டுங்கள். நிறத்துக்கு ஒன்றாக மூன்று பலகம் உள்ள எல்சிடியில் கூட்டுத்தொகை வெள்ளைக்கு ஏறத்தாழ சமம். நிறமில்லாத துண்டுள்ள டிஎல்பியில் வெகுவாகக் குறையும். வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் அழுக்காகத் தெரிவது இதனால்தான். வகுப்பறை ஸ்லைடுக்கு இது பரவாயில்லை, சினிமாவுக்கு ஆகாது. இந்தக் கூட்டுத்தொகையான வண்ண லூமெனை அளக்கும் முறை 2012இலேயே வெளியாகிவிட்டது. வெள்ளை, வண்ணம் இரண்டின் எண்ணையும் அச்சிடச் சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும் என்பேன்.

இன்னொன்று: கண்ணுக்கு அதிகம் உறைப்பது 555 நானோமீட்டர் பச்சை, லூமெனும் அதை வைத்தே வகுக்கப்பட்டது. அதனால் 'அதிக வெளிச்ச' மோடில் படம் பச்சையடிக்கும். சினிமா மோடில் மறுபடி அளந்து, அந்த எண்ணை வைத்துத் திரையின் அளவைத் தீர்மானியுங்கள்.