மெயிலில் "ரிவர்ட்" கேட்பவர்கள் கவனத்துக்கு

மறுபடியும் அதே பஞ்சாயத்து. சென்னையிலிருந்து லண்டன் டீமுக்கு ஒரு மெயில்: "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த சேஞ்சஸ்." அனுப்பியவர் எதிர்பார்த்தது பதில். அங்கே இருந்தவர்களோ, செய்திருந்த மாற்றங்களை நீக்கிப் பழையபடி வைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. இந்த ஒரு வினைச்சொல் என்னை விட்டபாடில்லை.

'ரிவர்ட்' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'வெர்ட்டெரே' என்றால் திருப்புவது, 'ரே' என்றால் பின்னால். முன்பிருந்த நிலைக்கோ ஆளுக்கோ திரும்பிப் போவதுதான் பொருள். கன்வர்ட், டைவர்ட் எல்லாம் பங்காளிகள். சட்டத்தில், குத்தகை முடிந்தால் நிலம் உரிமையாளருக்கு ரிவர்ட் ஆகும். விக்கிப்பீடியாவில் அடுத்தவர் திருத்தத்தை நீக்குவது ரிவர்ட். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்தில் 3 முறைக்கு மேல் செய்யக்கூடாது என்று விதியே உண்டு. மென்பொருள் நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) கருவியைப் பயன்படுத்துபவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்; அங்கேயும் ரிவர்ட் என்றால் செய்த மாற்றத்தை நீக்குவதுதான்.

வகுப்பில் கேட்டால் எல்லாரும் ஒரே பதில்: "ரிப்ளைன்னா அதட்டற மாதிரி இருக்கு சார், ரிவர்ட்னா மரியாதை." யார் கிளப்பிவிட்டதோ! "பதில் போடு", "பதில் போடுங்கள்" இரண்டிலும் 'பதில்' ஒன்றுதான். மரியாதை 'ங்கள்' தருவது. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'ப்ளீஸ்', 'குட் யூ' பார்த்துக்கொள்ளும். ரிப்ளை பாவம், யாரையும் அதட்டியதில்லை. பத்து வரி அதிகாரமாக எழுதிவிட்டு முடிவில் ரிவர்ட் போட்டால் மட்டும் பணிவு வந்துவிடுமா?

இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் அலுவலகங்களில் 'பதில் சொல்' என்ற பொருள் ஊன்றிவிட்டது. சில அகராதிகளும் இந்திய வழக்கு என்று குறித்துச் சேர்த்துக்கொண்டன. உள்ளூர் மெயிலில் எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். "ரிவர்ட் பேக்" என்றால் மட்டும் வருவேன். பின்னால் பின்னால் எங்கே போவது?

வெளிநாட்டுக்குப் போகும் மெயிலில் தயவுசெய்து வேண்டாம். "ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே" போதும். "லெட் மீ நோ" இன்னும் இயல்பு. கருத்துதான் வேண்டுமென்றால் கருத்து என்றே கேளுங்கள். டெவலப்பர்களே, உண்மையிலேயே பழையபடி ஆக்கச் சொல்வதானால் எந்த மாற்றத்தை, எந்த வெர்ஷனுக்கு என்று எண்ணோடு எழுதுங்கள்; எழுதாமல் அனுப்பிவிட்டு ராத்திரி என்னைக் கூப்பிடாதீர்கள்.