டச்சிங்

டச்சிங்: பெயர்ச்சொல், ஸ்டுடியோ வழக்கு. எடுத்த படத்தை வாடிக்கையாளர் கையில் கொடுப்பதற்கு முன் அதில் செய்யும் சரிக்கட்டல். "டச்சிங் இருக்கு, நாளைக்கு வாங்க" என்றால், படம் எடுத்தாயிற்று, பிலிம் கழுவியாயிற்று, முகத்தில் மட்டும் இன்னும் வேலை பாக்கி என்று பொருள். மதுரை மாசி வீதிகளிலும் டவுன்ஹால் ரோட்டிலும் ஸ்டுடியோ வைத்திருந்தவர்களுக்கு இது தொழில்சொல். பெண் பார்க்கப் படம் அனுப்ப வந்த குடும்பங்களுக்கோ நம்பிக்கைச்சொல். "அம்மைத் தழும்பு தெரியாம கொஞ்சம் டச் பண்ணிக் குடுங்கண்ணே" என்று காதோடு சொல்லிவிட்டுப் போவார்கள்.

இங்கிலீஷில் இதன் முழுப்பெயர் ரீடச்சிங். தலையிலிருந்த 'ரீ' நம்மூர் வெயிலில் உதிர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்காரர்களின் 'ரெத்தூஷே' என்ற வினைதான் மூலம். மறுபடி தொடுதல், அதாவது முடிந்த ஓவியத்தில் ஓவியர் இன்னொரு முறை தூரிகை வைத்தல். இன்னும் பின்னால் போனால் பேச்சு லத்தீனில் 'தொக்காரே' என்று ஒரு சொல் இருந்திருக்க வேண்டும், தட்டுவதன் ஓசையிலிருந்து அது பிறந்திருக்க வேண்டும் என்கிறார்கள் சொற்பிறப்பு அறிஞர்கள். நாமும் கதவை 'டொக் டொக்' என்றுதான் தட்டுகிறோம். அதற்காக 'டச்' தமிழ்ச்சொல்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கட்டை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் சத்தம் போடும்.

பிலிம் காலத்து டச்சிங் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் பிறகு வரும் சண்டை புரியும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ்: வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு கண்ணாடிபோலத் தெளிவாகவும் இருக்கும். கன்னத்தில் ஒரு கரும்புள்ளி இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் ஓட்டைபோலத் தெளிந்திருக்கும். சாய்மேசையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் விட்டு, ஊசிபோலச் சீவிய பென்சிலால் அந்த ஓட்டையை அடைப்பார்கள். பென்சில் பட்ட இடத்தில் ஒளி குறைவாக நுழையும். பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும், புள்ளி மறையும். எங்கேயாவது கருமை வேண்டுமென்றால் பிளேடு முனையால் நெகட்டிவின் மேல்பூச்சைப் பட்டும்படாமல் சுரண்டுவார்கள். தூசியால் பிரிண்டில் விழுந்த வெள்ளைப் புள்ளிகளுக்கு மெல்லிய பிரஷ். கை ஒரு நூல் தவறினாலும் நெகட்டிவ் பாழ். அழித்துத் திரும்பப் போட அன்றைக்கு 'அன்டூ' கிடையாது. அதனாலேயே டச்சிங்குக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையை வைத்தது கொள்கை இல்லை, பென்சில்.

ஆனாலும் பழைய படமெல்லாம் உள்ளது உள்ளபடி, கம்ப்யூட்டர் வந்துதான் பொய் வந்தது என்ற பேச்சை மதுரைக்காரர் யாரும் பேசக்கூடாது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் 1858இல் இங்கே வந்து மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் எடுத்தார். நம் ஊரின் மிகப் பழைய படங்களில் அவை முக்கியமானவை. மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். அந்தக் கால வேதிப்பூச்சு நீல ஒளிக்கு அளவுக்கு மீறி மயங்கும். கட்டடம் நெகட்டிவில் சரியாகப் பதிவதற்குள் வானம் முற்றிப்போய்விடும். பிரிண்டில் வானம் வெறும் வெள்ளை, அல்லது திட்டுத்திட்டு. டிரைப் என்ன செய்தார்? நெகட்டிவின் மேல் தானே வண்ணம் தீட்டி மேகம் போட்டார். சில படங்களில் இலைதழைகளையும் கையாலேயே சேர்த்தார். ஆக, மதுரை வானத்தில் டச்சிங் நடந்து நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகிறது. கட்டடத்தின் ஒரு தூணைக்கூட அவர் கூட்டவோ குறைக்கவோ போனதாகத் தெரியவில்லை. அவருடைய வேலை கட்டடங்களைப் பதிவுசெய்வது. மேகம் அந்தக் கணக்கில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1990இல் போட்டோஷாப் வெளியானது. பிறகு வந்த ஆண்டுகளில் நம் ஸ்டுடியோக்களின் சாய்மேசை மூலைக்குப் போனது; டச்சிங் என்ற சொல்லும் கூடவே போனது. வந்து உட்கார்ந்தது 'எடிட்டிங்'. இந்தச் சொல்லைத் தமிழர்கள் சினிமாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதன் வேர் லத்தீன் 'எதெரே': வெளியே கொடுத்தல், வெளியிடுதல். அதிலிருந்து முதலில் வந்தது எடிட்டர் என்ற ஆள்தான். எடிட் என்ற வினையை 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அந்த ஆளிடமிருந்து பிய்த்தெடுத்தார்கள். பழஞ்சுவடியை ஒப்பிட்டு அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரைப் 'பதிப்பாசிரியர்' என்கிறோமே, அதுதான் எடிட்டரின் மூலப்பொருளுக்கு மிகப் பக்கத்தில் நிற்கும் தமிழ். பத்திரிகை அலுவலகத்தில் இன்றைக்கும் போட்டோ எடிட்டர் என்றால், வந்து குவிந்த படங்களில் எதைப் போடுவது என்று தேர்ந்தெடுப்பவர். அவர் ஒரு புள்ளியைக்கூடத் தொட வேண்டியதில்லை.

நம் ஊரிலோ எடிட்டிங் என்ற ஒரே சாக்குமூட்டையில் எல்லாம் விழுந்தது. வெளிச்சம் கூட்டுவது எடிட்டிங். சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்துவது எடிட்டிங். பாஸ்போர்ட் படத்துக்குக் கோட்டு மாட்டுவது, கல்யாண ஜோடியைக் கொண்டுபோய்ச் சுவிட்சர்லாந்துப் பனியில் நிறுத்துவது, கம்பத்தை அழிப்பது, இல்லாத நிலாவை ஒட்டுவது, எல்லாம் எடிட்டிங்.

எங்கள் ஊர் ஒளிப்படக் குழு ஒன்றிலிருந்து மூத்தவர் ஒருவர் விலகியதற்கு இந்தச் சாக்குமூட்டையும் ஒரு காரணம். சண்டை கிளம்பியது, குழுவின் இளைஞர் ஒருவர் மாட்டுப்பொங்கலன்று பாலமேடு ஜல்லிக்கட்டில் எடுத்த படத்தால். காளை நாலு காலும் தரையில் இல்லாமல் துள்ளுகிறது, திமிலில் ஒரு பையன் தொங்குகிறான், பின்னால் வாடிவாசல். அருமையான படம்தான். ஆனால் அதே நொடியில் பக்கத்தில் நின்று எடுத்த இன்னொருவரின் படத்தில் திமிலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஜல்லிக்கட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் திமிலைப் பிடிக்கலாம். சேர்ந்து பிடித்தால் பிடி செல்லாது. மைக்கைப் பிடித்தவர் தொண்டை வற்ற அன்று முழுக்கக் கத்துவதே இதைத்தான்.

"இன்னொருத்தன் எங்கப்பா?" என்றார் மூத்தவர்.

"அவன் பிரேமுக்கு இடைஞ்சலா இருந்தாண்ணே, எடிட் பண்ணிட்டேன்."

"மாடு ஜெயிச்சதுப்பா. நீ பையன ஜெயிக்க வச்சிருக்க."

"அண்ணே, நீங்க ஸ்டுடியோல டச்சிங் பண்ணாத மூஞ்சியாண்ணே?"

கேள்வியில் கிண்டல் இருந்தது; ஆனால் கேள்வி நியாயமானது. அவர் "அது வேற, இது வேற" என்றார். எது வேறு, எப்படி வேறு என்று சொல்ல அவரிடம் சொல் இல்லை. படம் எடுத்த இளைஞரிடமும் இல்லை. சில வாரம் இழுத்துப் பேசியும் பேச்சு 'எடிட்டிங் கூடும்', 'எடிட்டிங் கூடாது' என்ற இரண்டு வாக்கியத்தைத் தாண்டவில்லை. "இனிமே என்னைக் கூப்பிடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர் விலகிவிட்டார். என் கணக்கில் அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் 'எடிட்டிங்கே கூடாது' என்று அவர் கடைசியில் போய் நின்ற இடம் தவறு. அவருடைய நாற்பது வருடப் பென்சில் வேலையையே அது குற்றமாக்கிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அகராதியைத் திறந்தால் எடிட்டிங்குக்கு முதலில் கிடைப்பது 'தொகுப்பு'. சினிமாவுக்கு அது பொருந்தும். துண்டுகளைக் கோத்து ஒன்றாக்குவதுதான் படத்தொகுப்பாளர் வேலை. ஒற்றைப் படத்தில் தொகுக்க என்ன இருக்கிறது? 'மறுதொடுகை' என்று ரீடச்சிங்கை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால், கேட்பவர் யாரை யார் தொட்டார்கள் என்று கேட்பார். இரண்டையும் விட்டுவிடலாம்.

என் பரிந்துரை மூன்று சொற்கள். மூன்றும் ஏற்கெனவே நம் வாயில் இருப்பவை.

முதலாவது, திருத்தம். நிலம் திருத்துகிறோம், கணக்கைத் திருத்துகிறோம், தெருவுக்குத் தெரு முடி திருத்தகம் இருக்கிறது. திருத்தும்போது உள்ளதுதான் ஒழுங்காகிறது. புதிதாக ஒன்றும் வந்து சேர்வதில்லை. வெளிச்சம் கூட்டுவது, நிறத்தைக் கண் கண்டபடிக்குக் கொண்டுவருவது, சாய்வை நிமிர்த்துவது, லென்சில் ஒட்டிய தூசியின் கறையை நீக்குவது எல்லாம் இதில் அடங்கும். தூசி காட்சியில் இல்லை, கருவியில்தானே இருந்தது.

இரண்டாவது, ஒப்பனை. ஒப்பு என்ற சொல்லிலிருந்து வந்தது; ஒத்திருத்தல், உவமை, அலங்காரம் மூன்றுக்கும் பழைய தமிழில் இதே சொல். ஆள் ஆளாகவே இருக்க வேண்டும், கொஞ்சம் அழகாக இருக்கலாம். மூத்தவர் பென்சிலால் செய்தது இதுதான். பருவை மறைத்தார், மூக்கை மாற்றவில்லை. பெண் வீட்டார் நேரில் வந்து பார்த்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்பதுதான் அன்றைய டச்சிங்கின் எழுதாத சட்டம்.

மூன்றாவது, புனைவு. இந்தச் சொல்லின் வீச்சு எனக்கு மிகவும் பிடித்தது. பூப் புனையலாம், கவிதை புனையலாம், பெயர் புனையலாம். வஞ்சகத்தை 'புனைசுருட்டு' என்பதும் இதே வேர்தான். மதுரைப் பாண்டியனின் அரசியைப் பாடும் நெடுநல்வாடையில் நகை களைந்து கிடக்கும் அவளுக்குப் 'புனையா ஓவியம்' உவமை. வண்ணம் ஏற்றாத கோட்டுச் சித்திரம் என்பது உரை. புனைவதற்கு முன், புனைந்த பின் என்று ஒரு படத்துக்கு இரண்டு நிலை உண்டு என்பது சங்கப் புலவருக்கே தெரிந்திருக்கிறது. ஆளை அழிப்பது, நிலாவை ஒட்டுவது, வானத்தை மாற்றுவது புனைவு.

புனைவு என்றாலே பொய் என்று நான் சொல்லவில்லை. இறந்தவருக்கு வேறு படமே இல்லாதபோது, கிடத்தி எடுத்த படத்தில் மூடிய கண்களைத் திறந்து வரைந்து கொடுத்த ஸ்டுடியோக்கள் உண்டு. அது முழுப் புனைவு. ஆனால் அதில் யாரும் ஏமாறவில்லை. கேட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும். அய்யனார் கோயில் புரவி எடுப்புத் திருவிழாவுக்கு வேளார் செய்த மண்குதிரைக்குக் கண் திறக்கும் ஊரில் இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. பாலமேட்டுப் படத்தின் சிக்கல், அது புனைவு என்பது பார்ப்பவருக்குத் தெரியாது என்பதும், அழிந்த ஆள்தான் அந்த நிகழ்ச்சியின் தீர்ப்பே என்பதும். டிரைப்பின் மேகமும் புனைவுதான். ஆனால் மகாலைப் பற்றி அது எதையும் மாற்றிச் சொல்லவில்லை. செய்திப் படங்களுக்கான உலகளாவிய போட்டியான வேர்ல்டு பிரஸ் போட்டோ இந்த விட்டுக்கொடுத்தலையும் ஏற்காது. 2010இல் பரிசு அறிவித்த பிறகும், ஓரத்தில் தெரிந்த ஒரு காலின் துணுக்கை அழித்ததற்காக ஒரு படத்தை நீக்கினார்கள். தொழில்முறைச் செய்திக்கு அந்தக் கண்டிப்பு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கேமராவைத் தூக்கிக்கொண்டு யானைமலைக்குப் போகும் குழுவுக்கு அவ்வளவு தேவையா என்றால், தேவையில்லை. படத்துக்குக் கீழே 'புனைவு' என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

மூன்று சொல்லை வைத்துக்கொண்டால் எல்லாம் சுலபமாகப் பிரிந்துவிடுமா? பிரியாது. நிறம் இருக்கிறதே, அது எந்தப் பெட்டியிலும் அடங்காது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் என்ன நிறப் பட்டு உடுத்தி வைகையில் இறங்குகிறார் என்பதை வைத்து அந்த ஆண்டின் பலன் பார்ப்பது இங்கே வழக்கம். பச்சைப் பட்டு என்றால் நாடு செழிக்கும். விடிகாலை வெளிச்சத்தில் சோடியம் விளக்கின் மஞ்சளும் கலந்து கிடக்கும் படத்தில், ஒயிட் பேலன்ஸை, அதாவது படத்தின் நிறச் சமநிலையை, கொஞ்சம் நகர்த்தினால் குதிரையின் தங்கம் பளிச்சென்று வரும். கூடவே பட்டின் நிறமும் நகரும். மற்ற படங்களில் இது சாதாரணத் திருத்தம். இங்கே பட்டின் நிறமே செய்தி. அது மாறினால் செய்தி மாறுகிறது. எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பதை வைத்து மட்டும் திருத்தமா புனைவா என்று முடிவு செய்ய முடியாது. படம் எதற்குச் சாட்சி என்பதையும் பார்க்க வேண்டும்.

சின்னச் சின்ன வேலைகளுக்கான சொற்களில் ஒன்றைப் பற்றி மட்டும். குளோன் ஸ்டாம்ப் என்ற கருவி, படத்தின் ஓரிடத்தைப் பிரதி எடுத்து இன்னோரிடத்தில் வைத்து மூடும். பாலமேட்டுப் பையனை மறைத்ததும் அதுதான். இதை 'நகலி' என்று சிலர் எழுதுகிறார்கள். நகல் அரபு வழி வந்தது, தப்பில்லை, ஆனால் சப்பென்றிருக்கிறது. குளோன் என்பது கிரேக்கத்தில் மரக்கிளையின் சிறு கொப்பு. ஒரு கொப்பிலிருந்து அதே மரத்தை இன்னொன்றாக எழுப்புவது. நம் வேளாண்மையில் அதற்குப் பெயர் பதியன். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியே அப்படிப் பெருகுவதுதான். ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்திலிருந்து வரும் நாற்றுகளை வைத்துத்தான் இங்கே தோட்டம் போடுகிறார்கள். "இந்த இடத்தில் பதியன் போட்டிருக்கிறேன்" என்றால் படம் எடுப்பவருக்கும் புரியும், மல்லித் தோட்டக்காரருக்கும் புரியும்.