சிரோட்டிக் கார்டியோமயோபதி: சொல்லும் பொருளும்

கல்லீரல் மாற்று அறுவைக்கு முந்தைய பரிசோதனைக் குறிப்புகளில் 'சிரோட்டிக் கார்டியோமயோபதி' என்ற சொல் வரும். சிரோசிஸ் (கல்லீரலில் தழும்புத் திசு படரும் நோய்) உள்ளவருக்கு வேறு இதய நோய் எதுவும் இல்லாமலேயே இதயத்தசையின் திறன் குறைந்திருப்பதை அது குறிக்கிறது. ஓய்வில் இதயம் ஒழுங்காகவே இயங்கும். சுமை ஏறும்போதுதான் குறை தெரியவரும்.

'கிர்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் பழுப்பு கலந்த மஞ்சள். ஸ்டெதாஸ்கோப்பை உருவாக்கிய ரெனே லேனெக், நோயுற்ற கல்லீரலின் நிறத்தை வைத்து 1819-இல் 'சிரோசிஸ்' என்று பெயரிட்டார். கார்டியா இதயம், மைஸ் தசை, பாத்தோஸ் துன்பம்.

சிரோசிஸைக் 'கல்லீரல் சுருக்கம்' என்று எழுதுவது பரவலான வழக்கம். ஆனால் கல்லீரல் பெருத்திருக்கும்போதும் சிரோசிஸ் இருக்கலாம். தழும்புத் திசு படர்வதைச் சொல்லும் 'இழைநார் நோய்' இதைவிடப் பொருந்தும். பின்பாதியான 'கார்டியோமயோபதி'யை 'இதயச் செயலிழப்பு' என்று பெயர்ப்பது தவறு. அது வேறு நோய்நிலை, நோயாளியை வீணாகக் கலங்கடிக்கவும் செய்யும். ஆகவே 'கல்லீரல் இழைநார்வழி இதயத்தசை நோய்' என்பதே சரியான தமிழ். நீளம்தான், ஆனால் நோய் எங்கே தொடங்கி எங்கே வந்து சேர்கிறது என்பது அதில் இருக்கிறது.

இந்தப் பயணத்தில் பெரும்பங்கு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவுக்கு உண்டு. மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடு வேறு, இரண்டையும் குழப்பக்கூடாது. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து உடலே நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. சில நொடிகளே நிலைத்தாலும் அதற்குள் ரத்தக்குழாயைத் தளர்த்திவிடும். இந்த வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர்.

சிரோசிஸில் இந்த வாயு தேவைப்படும் இடத்தில் குறைகிறது, தேவையற்ற இடத்தில் மிகுகிறது. கல்லீரலின் நுண்குழாய்களில் குறைவதால் அங்கே ரத்தம் எளிதில் புக முடியாமல், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் நாளத்தில் அழுத்தம் ஏறுகிறது. குடல் பகுதிக் குழாய்களிலோ அது பெருகி, அவை அகன்று, ரத்த அழுத்தம் இறங்குகிறது. ஈடுகட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்துவைக்கிறது. இதயம் வேகமாக அடித்து அதிக ரத்தத்தை அனுப்புகிறது. இந்த மிகை ஓட்டத்தைக் கோவால்ஸ்கியும் ஏபல்மனும் 1953-இலேயே அளந்து எழுதினர்.

இதயத்துக்குள் நடப்பது வேறு. குடலிலிருந்து கசியும் பாக்டீரியப் பொருள்களால் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் புரதங்கள் கூடுகின்றன. அவை இதயத்தசை செல்களிலேயே நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தூண்டுகின்றன. அதனால் செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் சுழல் ஜிஎம்பி என்ற மூலக்கூறு உயர்ந்து, தசை சுருங்கத் தேவையான கால்சியம் உள்ளே நுழைவது குறைகிறது. நுழைந்த கால்சியத்துக்கும் சுருங்கும் இழைகள் முன்போல் இணங்குவதில்லை. அட்ரினலின் வந்து தட்டினாலும் தசை மந்தமாகவே பதில் தருகிறது. நைட்ரிக் ஆக்சைடு, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் வடிவமான சூப்பர்ஆக்சைடுடன் சேர்ந்து உருவாகும் பெராக்சிநைட்ரைட் தசைப் புரதங்களையும் சேதப்படுத்துகிறது. பித்தநாளத்தைக் கட்டிச் சிரோசிஸ் உண்டாக்கிய எலிகளில், நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்தபோது இதயத்தின் சுருங்கும் வலு மேம்பட்டது. பித்த அமிலங்களுக்கும் உடலே சுரக்கும் கன்னாபினாய்டுகளுக்கும் (கஞ்சாவின் வேதிப்பொருள்களைப் போல் செயல்படுபவை)கூட இந்நோயில் பங்குண்டு.

குழாய்கள் அகன்றிருப்பதால் பலவீனமான இதயத்துக்கும் ரத்தத்தைத் தள்ளுவது எளிது. அதனால்தான் எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) வெளியேற்ற விகிதம், அதாவது ஒரு துடிப்பில் இதய அறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 60% என்று வந்தாலும் அதை மட்டும் நம்பக்கூடாது. துடிப்பின்போது தசை எவ்வளவு குறுகுகிறது என்ற அளவான ஸ்ட்ரெயின் 18%-க்குக் கீழே இருக்கிறதா, இதயம் விரிந்து நிரம்புவதில் தடை உண்டா என்றும் பார்க்க வேண்டும். ஈசிஜியில் க்யூடி இடைவெளி (இதயக் கீழறைகள் மின்னூட்டம் பெற்று மீள ஆகும் நேரம்) நீண்டிருந்தால், அதை மேலும் நீட்டும் மருந்துகளைத் தவிர்ப்பது அவசியம்.

மறைந்திருந்த குறை பெரும்பாலும் மூன்று தருணங்களில் வெளிப்படும்: கடும் தொற்று, போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்க கல்லீரலுக்குள் டிப்ஸ் என்ற மாற்றுவழிக் குழாய் பொருத்தியதும் இதயத்துக்குத் திடீரெனக் கூடும் ரத்தவரத்து, மாற்று அறுவை. வழக்கமான இதய மருந்துகளும் இங்கே வினையாகலாம். நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடாகவே செயல்படுவதால், ஏற்கெனவே தாழ்ந்த அழுத்தத்தை இன்னும் இறக்கும். வயிற்றில் நீர் கோத்தவருக்கு, ரத்த அழுத்த மருந்துகளான ஏசிஇ தடுப்பான்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். நைட்ரிக் ஆக்சைடையே உடல் முழுதும் தடுப்பதும் சிகிச்சையாக நிலைபெறவில்லை. ஏனெனில் கல்லீரலில் அது ஏற்கெனவே பற்றாக்குறை. கல்லீரல் மாற்றப்பட்ட பின், பலருக்குச் சில மாதங்களில் இதயத்தின் இந்த மாற்றங்கள் சீரடைகின்றன.