கரும்பலகையில் வரைகிற மழை

மேகம் எதனால் ஆனது என்று மூன்றாம் வகுப்பில் கேட்டால் சில பிள்ளைகள் பஞ்சு என்பார்கள், சிலர் ஆவி என்பார்கள். பஞ்சு என்பவர்களைத் திருத்துவது சுலபம். ஆவி என்பவர்கள்தான் கஷ்டம், ஏனென்றால் கடலிலிருந்து மேகத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு அதன் பக்கத்தில் 'நீராவி' என்று எழுதியதே என்னைப் போன்ற ஆசிரியர்கள்தானே!

நீராவி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கொதிக்கும் கெட்டிலிலிருந்து தள்ளி நின்று அதன் மூக்கைக் கவனிக்கச் சொல்லுங்கள்; மூக்கை ஒட்டிக் கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கும், அதற்கு அப்புறம்தான் வெள்ளையாகப் புகை மாதிரி எழும். அந்த வெறும் இடத்தில் இருப்பதுதான் நீராவி, வெள்ளையாகத் தெரிவது அது குளிர்ந்து மறுபடி தண்ணீரான பொடித் துளிகள். மேகமும் இதே கதைதான், உயரத்தில் பனித்துகள்களும் இருக்கும். ஒரு மேகத்துளி சுமார் 0.02 மில்லிமீட்டர், அப்படிப் பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. "அப்போ மேகம் ஏன் கீழே விழல?" என்று ஒரு வாண்டு கட்டாயம் கேட்கும். விழுகிறது, ஆனால் அவ்வளவு பொடியான துளி ரொம்ப மெதுவாகத்தான் இறங்கும், அதற்குள் கீழிருந்து எழும் காற்று தூக்கிவிடும்.

கெட்டிலோடு நிறுத்தினால் இன்னொரு வம்பு, கொதித்தால்தான் ஆவியாகும் என்று நினைத்துக்கொள்வார்கள். தரையில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வைத்தால் போதும். அப்புறம் கடல், மேகம், மழை, மறுபடி கடல் என்று நாம் வரையும் அந்த அம்புக்குறி வட்டம்: கடலிலிருந்து ஆவியாகும் தண்ணீரில் ஏறத்தாழ 90 சதவீதம் நிலத்துக்கு வராமல் கடலிலேயே மழையாகப் பெய்துவிடுகிறது. படத்தில் மழை எப்போதும் மலைமேல்தான்!

பருவங்கள் பாடத்தில் படம் இன்னும் மோசம். பூமியின் பாதையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல் நசுக்கி வரைகிறோம், அதைப் பார்த்த பிள்ளை சூரியனுக்குப் பக்கத்தில் வந்தால் கோடை என்று முடிவுகட்டிவிடுகிறது. உண்மையில் பாதை கிட்டத்தட்ட வட்டம். ஜனவரி தொடக்கத்தில்தான் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம், வட அரைக்கோளத்தில் அப்போது குளிர்காலம். ஜூலையில் 15.2 கோடி. பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பது; அதனால் ஓர் இடத்தில் வெயில் ஒரு சமயம் நேராகவும் ஒரு சமயம் சாய்வாகவும் விழுகிறது. டார்ச்சைக் காகிதத்துக்கு நேராக அடித்தால் சின்ன, பளிச்சென்ற வட்டம். காகிதத்தைச் சாய்த்தால் அதே வெளிச்சம் பரவி மங்கிவிடும். பிள்ளைகளே சாய்த்துப் பார்க்கட்டும். டார்ச் மட்டும் நகராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுபடி தூரத்தையே பிடித்துக்கொள்வார்கள்.