துணியில் கத்தரி வைக்கும் முன்

சரித்திர நாடகங்களுக்கு உடை தைத்துக் கொடுப்பது என் தொழில். தொழிலுக்கு வந்த புதிதில், 1860களில் எடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் புகைப்படத்தை மட்டும் நம்பி ஒரு கவுன் தைத்தேன். படத்தில் உடை அடர்ந்த கறுப்பாகத் தெரிந்ததால் கறுப்புப் பட்டுத் துணியை வெட்டி, மூன்று வாரம் உழைத்து முடித்தேன். அதன் பிறகுதான் அதே பெண் எழுதிய கடிதம் ஒன்று படிக்கக் கிடைத்தது. படம் எடுத்த நாளில் தான் உடுத்தியிருந்தது புதிய சிவப்புப் பட்டு என்று அதில் அவளே எழுதியிருந்தாள். 1850களிலும் 60களிலும் புகைப்படம் எடுக்கப் பயன்பட்ட கொலோடியன் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்றாகப் பதிவு செய்யும் என்பதும், அதனால் சிவப்பும் மஞ்சளும் கறுத்தும், நீலம் வெளிறியும் தெரியும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. அந்த மூன்று வார உழைப்பு வீணானது என்னை வெகுநாள் உறுத்தியது. துணி வெட்டுவதற்கு முன் தேடிப் படிப்பதும் தையல் வேலையில் சேர்ந்ததே என்று அன்றிலிருந்து நினைத்து வருகிறேன்.

புகைப்படம் வருவதற்கு முந்திய காலத்துக்கு ஓவியங்களையே பெரிதும் நம்புகிறோம். ஓவியத்தில் வண்ணம் இருக்கிறது, பட்டின் பளபளப்புகூடத் தெரிகிறது. ஆனால் வரைந்த ஆண்டும் உடையின் காலமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தாமஸ் கெயின்ஸ்பரோ 1770 வாக்கில் வரைந்த புகழ்பெற்ற நீல உடைச் சிறுவன் ஓவியத்தைப் பார்த்து, அக்காலப் பையன்கள் இப்படித்தான் உடுத்தினார்கள் என்று தைத்தால் தவறாகிவிடும். அந்தச் சிறுவன் அணிந்திருப்பது, அதற்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் வான் டைக் வரைந்த உருவப்படங்களைப் பின்பற்றிய அலங்கார உடை. அவ்வாறு பழைய பாணியில் உடுத்தி ஓவியருக்கு முன் நிற்பது அப்போது பலருக்கும் விருப்பமாக இருந்தது. ஆகவே ஓர் ஓவியத்தைப் பார்த்ததும் யார், எங்கே, யாருக்காக, எந்த வேடத்தில் நிற்கிறார் என்று நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டே அளவு நாடாவை எடுக்கிறேன்.

எல்லாவற்றையும்விட நம்பத்தக்க சான்று, அந்தக் காலத்திலேயே தைக்கப்பட்டு இன்றுவரை எஞ்சியிருக்கும் உடைதான். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் தங்கள் உடைத் தொகுப்புகளின் படங்களை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. ஆனால் அந்தப் படங்கள் கைமாறிக் கைமாறி, பெயரும் ஆண்டும் உதிர்ந்து, 'ராணி காலத்து உடை' என்ற ஒற்றைக் குறிப்போடு நம்மிடம் வந்து சேரும்போது அவற்றின் மதிப்பு போய்விடுகிறது. படத்தின் மூலத்தைத் தேடி, அருங்காட்சியகம் அந்தப் பொருளுக்கு இட்ட எண்ணையும் விவரக் குறிப்பையும் படித்த பிறகே நான் அதைக் கணக்கில் கொள்வேன்.

எஞ்சிய உடைக்கும் சொந்தக் கதை உண்டு. ஒருமுறை பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டுக் கவுன் ஒன்றின் உட்பக்கத்தை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. வெளியே சாம்பல் பூத்த ரோஜா நிறமாக இருந்த பட்டு, தையலுக்குள் மடித்து விட்டிருந்த விரற்கடை அகலத்தில் வெயில் படாமல் பளிச்சென்ற சிவப்பாகவே இருந்தது. முதுகுப் பக்கத்தில், இப்போதைய தையலுக்குச் சற்றுத் தள்ளி, ஊசித் துளைகள் ஒரு வரிசையாக ஓடின. அங்கே முன்பு மடிப்புகள் இருந்து பிரிக்கப்பட்டிருக்கின்றன. அக்காலத்தில் தையல் கூலி குறைவு, பட்டின் விலை மிக அதிகம். எனவே 1740களில் நெய்த பட்டை 1780களில் பிரித்துப் புதிய பாணிக்கு மாற்றித் தைத்துக்கொண்டார்கள். துணியின் வயதை மட்டும் பார்த்து வெட்டுக்கும் அதே ஆண்டைக் குறித்துவிட்டால், நாற்பது ஆண்டுகள் பிசகிவிடும்.

செல்வர்களின் உடைகளே பெரும்பாலும் பாதுகாக்கப்பட்டன. உழைப்பவர்களின் உடைகள் கிழியும்வரை உடுத்தப்பட்டுப் பின்பு கந்தலாயின. அதனால்தான் 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலை உடை ஆராய்பவர்கள் பொக்கிஷமாகக் கருதுகிறார்கள். சாதாரணக் கப்பலாட்களின் தோல் மேற்சட்டைகளும் காலணிகளும் அதில் கிடைத்தன. லினன் போன்ற தாவர நார்த் துணிகள் பெரும்பாலும் கடலடியில் மக்கிவிட்டன. லினன் கிடைக்கவில்லை என்பதற்காக அவர்கள் லினன் சட்டை உடுத்தவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தேடலில் பலரும் தவறவிடுவது உள்ளுடை. பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்ணின் உடல்வாகு என்று ஓவியங்களில் நாம் காண்பது, திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த பலீன் பட்டைகளைச் செருகித் தைத்த இறுக்கமான கச்சை கொடுத்த வடிவம். அந்தக் கச்சையைத் தைக்காமல் வெறும் உடம்பில் அளவெடுத்து மேலுடையைத் தைத்தால், துணியும் வேலைப்பாடும் எவ்வளவு சரியாக இருந்தாலும் அது வேடப் போட்டி உடைபோலத்தான் தோன்றும். எனவே கச்சையை முதலில் தைத்து, நடிகைக்கு அணிவித்து, அதன் மேல்தான் மறுபடியும் அளவெடுக்கிறேன்.

துணியைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்பதுதான். அக்கால ஆங்கிலேயப் பட்டு சுமார் 20 அங்குல அகலமே நெய்யப்பட்டதால், பாவாடையில் அந்த இடைவெளிக்கு ஓர் இணைப்பு வரும். இன்றைய 44 அங்குலப் பட்டில் அந்த இணைப்புகள் காணாமல் போய், துணி விழும் விதமே மாறிவிடுகிறது. ஆகையால் பட்டை அகலவாக்கில் இரண்டாக்கி மீண்டும் இணைத்துத் தைக்கிறேன். சாயம், கொக்கி, கண்ணி ஆகியவற்றுக்கும் ஆண்டு பார்க்க வேண்டும். வில்லியம் பெர்கின் 1856இல் முதல் செயற்கைச் சாயமான ஊதாவைக் கண்டறிவதற்கு முன்பு ஏறக்குறைய எல்லா நிறங்களும் செடி, பூச்சி, தாது ஆகியவற்றிலிருந்தே வந்தன. கயிறு கோக்கும் உலோகக் கண்ணிகள் 1820களில்தான் வந்தன. ஜிப் இன்றைய வடிவத்தை எட்டியது 1913இல். சில நேரங்களில் சட்டமும் குறுக்கே வரும். இங்கிலாந்தில் 1721இல் இயற்றி 1774இல் நீக்கப்பட்ட சட்டம், அச்சிட்ட பருத்தித் துணிகளில் பெரும்பாலானவற்றை உடுத்தத் தடை விதித்திருந்தது. அந்த இடைக்காலத்துக் கதாபாத்திரத்துக்குப் பூ அச்சிட்ட பருத்தி உடை கொடுத்தால் அவள் சட்டத்தை மீறுகிறாள் என்று பொருளாகும். கதைக்கு அது வேண்டுமென்றால் தெரிந்து செய்யலாம், தெரியாமல் செய்யக் கூடாது.

இவ்வளவையும் தேடிய பின்பு, ஒவ்வொரு உடைக்கும் ஒரு தாளில் கழுத்து, கை, மடிப்பு, கட்டும் விதம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எந்தச் சான்றிலிருந்து எடுத்தேன் என்று குறித்து வைக்கிறேன். சான்று இல்லாமல் ஊகித்த இடத்தில் 'ஊகம்' என்றே எழுதுகிறேன். இயக்குநர் கேட்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று சொல்ல அதுவே எனக்குத் துணை. அதன் பிறகு காடாத் துணியில் மாதிரி தைத்து, கச்சையின் மேல் அணிவித்து, நடிகை கையைத் தூக்கி, நாற்காலியில் உட்கார்ந்து, படியேறி இறங்கிக் காட்டுகிறாள். இழுக்கும் இடத்தைப் பிரித்து, தளரும் இடத்தைப் பிடித்துத் தைத்து முடித்தபின்தான் பட்டை மேசையில் விரிக்கிறேன்.