ஸ்டெப்னி: வேல்ஸ் நாட்டுத் தெரு வண்டிக்கு அடியில் தொங்கிய கதை

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு வொர்க்‌ஷாப். நண்பருடைய பிக்கப்புக்கு டயர் மாற்றப் போயிருந்தோம். வண்டியை மேலே தூக்கி நிறுத்தியதும், மன்னார்குடியிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன தம்பி அடியில் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, ஸ்டெப்னியையும் இறக்கிடவா?"

ஃபோர்மன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். "ஸ்டெப்னியா? அது யாரு?" என்றார்.

தம்பி விரலை நீட்டினார். பின்பக்கத் தட்டுக்குக் கீழே, சேறு அப்பிக்கொண்டு ஒரு சக்கரம் தொங்கியது. "ஓ, ஸ்பேர் டயர்! அப்படிச் சொல்லுப்பா."

இரண்டு பேர் பேசியதும் தமிழ்தான். ஆனால் ஒரே சக்கரத்துக்கு ஆளுக்கொரு இங்கிலீஷ் சொல். வேடிக்கை என்னவென்றால், ஸ்டெப்னி என்ற சொல் இன்றைய இங்கிலாந்துக்காரருக்கும் புரியாது. இந்தியா, வங்காளதேசம், மால்டா என்று பிரிட்டிஷார் ஆண்டுவிட்டுப் போன சில இடங்களில்தான் அது தங்கிவிட்டது. அதே பிரிட்டிஷார் ஆண்ட சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தச் சொல் ஒட்டவில்லை. நம் ஊர்த் தமிழர் வாயில் எப்போதும் 'ஸ்பேர் டயர்'தான்.

பொருள் எளிது: ஓடும் சக்கரங்களில் ஒன்று பழுதானால் மாட்டிக்கொள்ள, வண்டியோடு கூடவே எடுத்துச் செல்லும் சக்கரம். தமிழ்நாட்டில் இது சக்கரத்தைத் தாண்டியும் உருண்டுவிட்டது. ஓட்டுநர் வராத நாளில் ஓட்ட வருபவர் 'ஸ்டெப்னி டிரைவர்'. கல்யாண மண்டபத்தில் ஒருவருக்குப் பதிலாக நின்று சமாளிப்பவரும் ஸ்டெப்னி. இதைவிடக் கொச்சையான பொருளும் ஒன்று உண்டு. தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கேட்காமல் இருப்பது நல்லது.

சொல் பிறந்த இடம் வேல்ஸ் நாட்டின் லானெல்லி. அங்கே உள்ள ஒரு தெருவின் பெயர் ஸ்டெப்னி. லண்டனில் இருக்கும் ஸ்டெப்னிக்கும் இதற்கும் குழப்பம் வேண்டாம். இந்தத் தெருவுக்கு அந்த வட்டாரத்து நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் பெயர் வைக்கப்பட்டது. அங்கே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த தாமஸ் மாரிஸ் டேவிஸும் அவருடைய சகோதரர் வால்டரும் 1904 வாக்கில் ஒரு சாதனத்தைக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்துக் கார்ச் சக்கரங்கள் அச்சிலேயே நிலையாக இருக்கும். பஞ்சரானால் சாலையோரத்தில் உட்கார்ந்து டயரைப் பிரித்து, ஒட்டி, மறுபடி காற்றடிக்க வேண்டும். மழையில், இருட்டில், நல்ல உடுப்போடு அதைச் செய்ய யாருக்கு மனம் வரும்? சகோதரர்கள் செய்தது ஒரு வெறும் வளையம்: ஆரக்கால் கிடையாது, நடுக்குடம் கிடையாது, காற்றடைத்த டயர் மட்டும் மேலே. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம்; இந்த வளையத்தை அதன் பக்கவாட்டில் பிடிகள் போட்டு இறுக்கிவிட்டு ஓட்டிக்கொண்டே போகலாம்.

ஆக, நாம் இன்று ஸ்டெப்னி என்று சொல்வது உண்மையில் ஸ்டெப்னியே இல்லை. கழற்றி மாட்டும் சக்கரங்கள் வந்ததும் அந்த வளையம் காணாமல் போயிற்று. பெயர் மட்டும் முழுச் சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மண் அள்ளும் எந்த இயந்திரத்தையும் 'ஜே.சி.பி.' என்பதுபோல, எந்தப் படியையும் 'ஜெராக்ஸ்' என்பதுபோல.

இனி, எங்கள் வொர்க்‌ஷாப் விவகாரத்துக்கு வருவோம். இந்தச் சொல்லை நான் தோண்டக் காரணமே அந்த வண்டிதான்.

நண்பரின் மைத்துனர் மலேசியாவின் குளுவாங்கில் இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய ஹைலக்ஸ் பிக்கப். வார நாளில் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் சந்தைக்குப் போவதும் அதில்தான். சனிக்கிழமை இரவானால் அதே வண்டி செம்பனைத் தோட்டத்துக்குள் காட்டுப்பன்றி வேட்டைக்கு இறங்கும். துப்பாக்கிக்கும் வேட்டைக்கும் முறையாக உரிமம் வைத்திருப்பவர். முன்னால் வின்ச், பின்தட்டில் நாய்க்கூண்டு, 285/70 ஆர்17 அளவில், சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயர்கள். சிங்கப்பூரில் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. நண்பர் துணைக்குப் போய்ப் பார்த்தவர், அவ்வளவுதான். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து தன் பிக்கப்புக்கும் அதே டயர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய வண்டியோ வாரத்தில் ஆறு நாள் ஓடு, சிமெண்ட், ஏணி சுமக்கும் வண்டி.

ஃபோர்மன் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். கம்பெனி கொடுத்த அளவு 265/65 ஆர்17: விட்டம் 776 மில்லிமீட்டர். மைத்துனரின் அளவு: 831. வித்தியாசம் 55. இதில் பாதிதான் தரையிலிருந்து வண்டி உயரும், அதாவது மூன்று செண்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் சக்கரம் ஒரு சுற்றுக்கு 7 விழுக்காடு கூடுதல் தூரம் போகும். வேகமானிக்கு அது தெரியாது. "உங்க வண்டிக்குப் பின்னால 70ன்னு வேக வரம்பு வட்டம் ஒட்டியிருக்கே, முள்ளு 70 காட்டும்போது வண்டி 75ல போயிட்டிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். வேகமானிகள் பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டும் என்று நண்பர் வாதாடினார். ஃபோர்மன் அடுத்ததாக டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்துவது, ஆண்டுப் பரிசோதனை என்று தொடர்ந்தார். மட் டெரெய்ன் டயரின் தடித்த கட்டைகள் சேற்றைக் கவ்வும், ஆனால் பான் தீவு விரைவுச்சாலையில் நாள் முழுக்க ரீங்காரம் போடும், நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

ஆனால் நண்பரை அடக்கியது இது எதுவுமில்லை, ஸ்டெப்னிதான். நாலு டயரைப் பெரிதாக்கிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டால் காட்டுக்குள் என்ன ஆகும்? ஒரு பெரிய சக்கரம் கிழிகிறது, சிறியதை மாட்டுகிறோம். ஒரே அச்சின் இரு முனையில் இரண்டு அளவு. இரண்டையும் ஈடுகட்ட, இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிவிடும் டிஃபரென்ஷியல் ஓயாமல் உழைக்கும். நாலு சக்கர இழுவையைப் போட்டால் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றையொன்று முறுக்கும். கெட்டித் தரையில் பற்சக்கரமே உடையலாம். சரி, ஐந்தாவதையும் பெரிதாக வாங்கினால்? தட்டுக்கு அடியில் அது ஏறாது. மைத்துனர் வண்டியில் பின்தட்டில் பாதியை அதுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. முப்பது கிலோவுக்கு மேல் கனம். நாய்களுக்கு மிஞ்சியதுதான் இடம். நண்பருக்கோ ஏணி வைக்க வேண்டும்.

பழைய அளவிலேயே, சேற்றுக்கும் தாருக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர், நாலு இல்லை ஐந்து, என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து யோசிக்கும்போதுதான், இந்தக் கணக்கையெல்லாம் நம்மவர்கள் எப்போதோ போட்டுவிட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டு. ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது:

எருதே இளைய; நுகம் உணராவே;
சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே;
அவல் இழியினும் மிசை ஏறினும்
அவணது அறியுநர் யார் என உமணர்
கீழ்மரத்து யாத்த சேம அச்சு அன்ன

காளைகள் இளசு, நுகத்துக்குப் பழகாதவை. வண்டியிலோ சுமை அதிகம். பள்ளத்தில் இறங்கலாம், மேட்டில் ஏறலாம். அங்கே என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உப்பு வணிகர் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துப் போகிறார்கள். அந்தச் சேம அச்சு போன்றவன் நீ என்கிறார் ஔவை. கட்டிய இடத்தைக் கவனியுங்கள்: கீழ்மரத்து. ஹைலக்ஸில் கம்பிவடத்தில் தொங்கும் அதே இடம். தாங்கும் அச்சு வண்டிக்காரனுக்கு எவ்வளவு பெரிய கவலை என்பது 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளிலும் தெரியும்: மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும்.

எனவே ஸ்டெப்னிக்குத் தமிழ் தேடி அகராதி புரட்ட வேண்டியதில்லை. சேமச்சக்கரம். புதிதாகக் கட்டிய சொல்லாகத் தோன்றினாலும், அச்சை எடுத்துவிட்டுச் சக்கரத்தை வைத்ததுதான் வேலை.

வேறு சொற்களும் புழக்கத்தில் உண்டு. 'மாற்றுச் சக்கரம்' தவறில்லை, எனக்கு அரைமனம். மாற்றிய சக்கரமா, மாற்றப்போகும் சக்கரமா என்று தடுமாற வைக்கிறது. 'உபரிச் சக்கரம்' எனக்குப் பிடிக்கவே இல்லை. உபரி என்றால் தேவைக்கு மேல் மிஞ்சியது. காட்டுக்குள் நடு இரவில் டயர் கிழிந்து நிற்பவரிடம் போய் அதை உபரி என்று சொல்லிப் பாருங்கள். மிஞ்சியதற்கும் ஆபத்துக்கென்று ஒதுக்கி வைத்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சேமம் என்ற சொல் தன் வயிற்றில் வைத்திருக்கிறது: பாதுகாப்பு, நலம். சேமி, சேமிப்பு எல்லாம் இதன் உறவுக்காரர்களே. சேமம் வடமொழியின் க்ஷேமத்திலிருந்து வந்தது என்கிறது சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி, சக்கரமும் வடமொழிதான். தனித்தமிழ் அன்பர்கள் 'ஏம உருளி' என்று வைத்துக்கொள்ளலாம், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சங்கப் புலவரே எடுத்தாண்ட சொல்லைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை.

சிங்கப்பூர்த் தமிழருக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்தவும் தேவையில்லை. மாதச் சம்பளத்தில் பிடித்து மத்திய சேம நிதியில் போடுகிறார்களே, அந்தச் சேமம்தான். 1955-இலிருந்து நடப்பில் இருக்கும் ஏற்பாடு.

எழுதும்போது சேமச்சக்கரம் என்று ஒற்று மிகும். பேச்சில் 'சேம டயர்' என்றாலும் குடிமுழுகிப் போகாது.

வண்டியை எடுக்கப் போன அன்று இதை ஃபோர்மனிடமும் தம்பியிடமும் சொன்னேன். தம்பி அப்போது பழைய சக்கரத்தை இறக்கப் போராடிக்கொண்டிருந்தார். பம்பருக்கு மேலுள்ள துளையில் கம்பியை விட்டுச் சுழற்றினால் வடம் இறங்க வேண்டும். துரு பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் அடித்து, தட்டி, ஒருவழியாக இறக்கினார்கள். ஃபோர்மன் காற்றை அளந்து பார்த்தார். பதினொரு பிஎஸ்ஐ. வேண்டியதில் பாதிகூட இல்லை.

"உங்க சேமநிதியில காசே இல்லையே," என்றார் நண்பரிடம்.